மேலுலகத்தார் பேசமாட்டார்கள்

நாளைக்கு நாடகம் போட உங்கள் முதல் ஊருக்குப் போகிறீர்கள். உடுப்புத் தைத்தாயிற்று, வசனம் பாடமாயிற்று, வாகனத்துக்கும் ஆள் பிடித்தாயிற்று. சொல்ல வேண்டியதையெல்லாம் உங்கள் நெறியாளர் சொல்லியிருப்பார். எனக்கு வேலையிலிருந்து ஓய்வு தந்துவிட்டார்கள், வாய்க்கு மட்டும் இன்னும் தரவில்லை. அதனால் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நடிப்பைப் பற்றியது அல்ல. நடிப்பு உங்களுக்கு வரும், அல்லது வராது. இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை.

போர் நின்றிருந்த சமாதான காலம் அது. இடம்பெயர்ந்திருந்த சனம் வன்னியில் தங்கள் காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. காணிகளில் அவர்களுக்கு முன்பே மிதிவெடிகள் குடியிருந்தன. ஊர் ஊராய்ப் போய் மிதிவெடி பற்றி வீதி நாடகம் போடுவது எங்கள் குழுவின் வேலை. முதலில் போட்ட நாடகம் வெறும் புத்திமதி. தருமபுரத்தில் ஒரு பெண் கொட்டாவி விட்டபடியே எழும்பிப் போனாள். மிதிவெடிக்குப் பக்கத்தில் சமைத்துச் சாப்பிடுகிறவளுக்கு அதை மிதிக்காதே என்று பாட்டுப் பாடிக் காட்டினால் வேறென்ன செய்வாள்?

எங்கள் நெறியாளரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். தன் பெயர் எங்கேயும் வருவது அவருக்குப் பிடிக்காது, ஆகவே நானும் இங்கே சொல்லவில்லை. அவருக்கு விண்வெளிக் கதைகளில் பைத்தியம். கொட்டாவி விட்ட அந்தப் பெண்தான் அவரைப் புது நாடகம் எழுத வைத்தாள்.

"விண்வெளிக் கதையளில அடிக்கடி ஒரு சட்டம் வரும்," என்றார் அண்ணை. "விண்கப்பல் வைச்சிருக்கிறவன் மாட்டுவண்டி வைச்சிருக்கிறவன்ர வாழ்க்கையில கை வைக்கக்கூடாது. மேல நிண்டு பாக்கலாம், படிக்கலாம். இறங்கக்கூடாது."

"அது நல்ல சட்டமோ, கூடாத சட்டமோ?" என்று கேட்டான் ராசன். குழுவில் என்னோடு கூட நடித்தவன்.

"அதைத்தான் சனத்திட்டைக் கேக்கப் போறம்."

எனக்கு அந்தச் சட்டத்தைக் கேட்டவுடனேயே எரிச்சல் வந்தது. வசதியாக இருப்பவன் வசதியாகவே இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு என்றேன். அண்ணை சிரிக்கவில்லை.

"எங்கட தீவுக்குக் கப்பலில வந்து இறங்கினவை எல்லாரும் உதவி செய்யத்தான் வந்தனாங்கள் எண்டு சொன்னவை. அவைக்கு இப்பிடி ஒரு சட்டம் இருந்திருந்தா எப்பிடியிருக்கும் எண்டு ஒருக்கா யோசிச்சுப் பார்."

யோசித்தேன். எரிச்சல் மட்டும் போகவில்லை.

நாடகம் இதுதான். உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டி ஒன்று விண்கப்பல். அதன் மேல் நாங்கள் மூன்று பேர் மேலுலகத்தார். பால்மா பைக்கற்றுகளின் வெள்ளித்தாளை ஒட்டிச் சட்டை, தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். வன்னி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் புழுங்கல் அரிசியின் கஷ்டம் விளங்கும். கீழே மண்ணில் தலைக்குச் சிவப்புப் பூசிய தடிகள் வரிசையாக நிற்கும். தடிகளுக்கு அந்தப் பக்கம் மிதிவெடி என்று அர்த்தம். ஒரு மனிதன் விறகு தேடி அந்தப் பக்கம் போவான். மண்ணுக்குள் இருப்பது மேலேயுள்ள எங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சொல்லலாமா, விடலாமா என்று எங்களுக்குள் வாதாடுவோம். சொன்னால் நாளையிலிருந்து அவன் நிலத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து நடப்பான் என்பாள் ஒருத்தி. சொல்லாவிட்டால் நாளை என்று ஒன்று அவனுக்கு இல்லை என்பான் ராசன். மூத்தவளான நான் கையொலிபெருக்கியைப் பிடித்து, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சட்டத்தை வாசிப்பேன். அவன் கடைசி அடியை எடுத்து வைக்கக் காலைத் தூக்கும்போது எல்லோரும் உறைந்து நிற்போம். அண்ணை முன்னுக்கு வந்து சனத்தைக் கேட்பார், "இவை இறங்கலாமோ, கூடாதோ?"

ஒரு விஷயத்தில் அண்ணை மகா கண்டிப்பு. மேலுலகத்தார் தங்களுக்குள் மட்டும்தான் கதைக்கலாம். கீழே நிற்பவரோடு ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. நாடகத்தில் மட்டுமல்ல, அந்த வெள்ளித்தாள் சட்டை உடம்பில் இருக்கும்வரை ஒரு குழந்தை வந்து பெயர் கேட்டால்கூடப் பேசாமல் நிற்க வேண்டும். ராசன் ஒருமுறை சட்டையோடு தேநீர் கேட்டு அண்ணையிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

சனத்தின் பதில்கள்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். அக்கராயனில் வயல் செய்கிற ஒரு கமக்காரர் எழும்பி, "வேண்டாம். இறங்கினா பிறகு போகமாட்டினம்," என்று சொல்லிவிட்டு இருந்துகொண்டார். அந்தக் காலத்தில் உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களில் வந்து, பார்த்து, எழுதிக்கொண்டு போகிறவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களைத்தான் நாங்கள் நடிக்கிறோம் என்று நினைத்து இன்னொருவர் தன் வீதிக்குத் தார் போடச் சொல்லி எங்களிடமே கேட்டார்.

முல்லைத்தீவில் நடந்தது வேறு. பல வருடங்களுக்கு முன் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது போய், அப்போதுதான் திரும்பி வந்து கடையைத் திறந்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி நாடகம் முழுவதையும் கைகட்டியபடி பார்த்தார். கேள்வி நேரத்தில் எழும்பிக் கடைக்குப் போய்விட்டார். பிறகு நாங்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் இருக்க, தேநீரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எங்களைப் போகச் சொன்ன நாள் அயலட்டைச் சனம் எல்லாம் உங்கட மேலுலகத்தார் மாதிரித்தான் நிண்டது, தங்கச்சி. நல்ல மனுசர்தான். அழுதவையும் இருக்கினம். ஆனா ஒருத்தரும் கதைக்கேல்ல."

யாரும் தேநீரைத் தொடவில்லை. நான்தான் முதலில் எடுத்துக் குடித்தேன், குடிக்காமல் விட்டால் அவர் சொன்னதை மறுப்பது போல் ஆகிவிடும் என்று தோன்றியது. அவர் திரும்பவும் ஊற்றினார்.

இனிக் கண்டாவளைப் பக்கம் வருவோம். மலையகத்திலிருந்து முன்னொரு காலத்தில் வந்து வன்னியில் கமம் செய்கிற குடும்பங்கள் நிறைய இருந்த ஒரு குடியிருப்பு அது. எல்லோரும் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள். நாடகத்துக்கு முதல்நாளே போய் ஒத்திகை பார்ப்பது எங்கள் வழக்கம். உழவு இயந்திரப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தித் தந்தவர் முருகையா. கூலிக்கு உழவு இயந்திரம் ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும். அவர் மனைவி பாக்கியம் அவரைப் பற்றி எங்களுக்குத் தந்த அறிமுகம், "யாரு சொன்னாலும் கேக்காத மனுசன்" என்பதுதான்.

முருகையா ஒத்திகை முழுவதையும் குந்தியிருந்து பார்த்தார். நாங்கள் சிவப்புத் தடிகளை நட்டதையும், முடிந்ததும் பிடுங்கிக் கட்டியதையும் பார்த்தார். பிறகு அண்ணையிடம் கேட்டார்.

"மேல நிக்கிறவங்க ஏன் அந்தாளு கூடப் பேச மாட்டேங்கிறாங்க?"

"அவை பேசமாட்டினம். அதுதான் அவையின்ர சட்டம்," என்றார் அண்ணை.

"நல்லா இருக்கே சட்டம்," என்று சொல்லிவிட்டு முருகையா எழும்பிப் போனார்.

அந்தத் தடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை மேடைக்காகச் செய்தவை அல்ல. மிதிவெடி அகற்றும் குழு தந்த உண்மையான தடிகள். சனம் உண்மையான அடையாளத்தையே பார்த்துப் பழகட்டும் என்று அண்ணை கேட்டு வாங்கினார். எங்கள் எல்லோருக்கும் அது மிக நல்ல யோசனையாகத்தான் பட்டது. உங்களிடம் கேட்டாலும் நல்லது என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

நாடகம் நடந்த அன்று காலை, அதே மிதிவெடிக் குழு, நாங்கள் நாடகம் போடும் வெளியின் மறுகரையில் இருந்த பனங்காட்டு ஓரத்தை ஆபத்தான இடமென்று குறித்து ஒரு வரிசை தடி நட்டுவிட்டுப் போனது. அதே தடி, அதே சிவப்பு. வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டுத்தான் போனார்கள். முருகையா அந்த நேரம் வேறு ஊரில் உழுதுகொண்டிருந்தார்.

பின்னேரம் சனம் கூடியது. எங்கள் பெட்டியைப் பார்த்தபடி, பனங்காட்டுக்கு முதுகு காட்டி எல்லோரும் மண்ணில் இருந்தார்கள். நாடகத்துக்கு முன் எப்போதும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். அண்ணை மத்தளம் அடிப்பார், எல்லோரும் கையை ஆட்டுவார்கள். மூன்று தட்டுத் தட்டி நிறுத்தினால் அப்படியே சிலையாக வேண்டும். சனத்தின் கூச்சம் போவதற்கான விளையாட்டு அது, வேறொன்றுமில்லை. அன்றைக்கும் விளையாடினோம். அசைந்தவர்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

நாடகம் நடந்துகொண்டிருந்தது. நான் ஒலிபெருக்கியை எடுத்துச் சட்டத்தை வாசிக்கத் தொடங்கினேன். "கீழுள்ளோர் வாழ்வில் நாம் தலையிடோம்." அதைச் சொல்லும்போது பார்வையைச் சனத்தின் தலைக்கு மேலாகத் தூரத்தில் வைக்க வேண்டும். வைத்தேன். முருகையா தெரிந்தார்.

அவர் சிவப்புத் தடிகளுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி பனங்காட்டை நோக்கி மேய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பிடிக்க அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்து போனார். கள்ளமாகக்கூடப் போகவில்லை, தன் வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரிப் போனார். நேற்று நாங்கள் நட்டுப் பிடுங்கிய தடிகள்தானே, இன்றைக்கு நாடகக்காரர் கொஞ்சம் கூடுதலாக நட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார். இதைப் பிறகு அவரே சொன்னார், ஆனால் எனக்கு அந்த நடையைப் பார்த்தபோதே விளங்கிவிட்டது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கத்தினால் மனிதன் பதறி ஓடுவான். எந்தப் பக்கம் ஓடுவான் என்று யாருக்குத் தெரியும்? ராசனை அனுப்பினால் ஒருவருக்குப் பதிலாக இரண்டு பேர் உள்ளே நிற்பார்கள். சனத்துக்குச் சொன்னால் முழு ஊரும் எழும்பி அவரிடம் ஓடும். பேசாமல் விட்டால் அடுத்த அடி. என் வாயில் மேலுலகத்தாள் குரல் இருந்தது. ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரல் ஒன்றுதான் அந்த நேரத்தில் நடுங்காமல் வரக்கூடியது.

"முருகையா அண்ணை," என்றேன் ஒலிபெருக்கியில். "நிக்கிற இடத்திலயே நில்லுங்கோ. காலைத் தூக்காதேங்கோ. அந்தத் தடி எங்கட தடி இல்லை."

அவர் நின்றார். யார் சொன்னாலும் கேட்காத அந்த மனிதன், ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்குமாக, அப்படியே நின்றார்.

சனம் ஒருகணம் இதுவும் நாடகம் என்று நினைத்தது. பிறகு ஒருவர் திரும்பிப் பார்த்தார், இருவர் பார்த்தனர், ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து சத்தம் கிளம்பியது. எல்லோரும் எழும்பப் போகிறார்கள் என்று தெரிந்தது. அப்போது அண்ணையின் மத்தளம் கேட்டது. மூன்று தட்டு.

ஊரே உறைந்தது. சற்றுமுன் சிரித்துச் சிரித்துப் பழகிய விளையாட்டு, உடம்பில் அப்படியே இருந்தது. பாக்கியம் பாதி எழும்பியபடி, ஒரு கை மண்ணில் ஊன்றியபடி நின்றாள். அண்ணை மத்தளத்தை வைத்துவிட்டு, சாதாரணக் குரலில் சொன்னார், "ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவேண்டாம். போனா அவருக்குத்தான் ஆபத்து. ராசன் மோட்டார் சைக்கிளில போய் மிதிவெடிக் குழுவைக் கூட்டிக்கொண்டு வருவான். அதுவரை இப்பிடியே இருப்பம்."

பாக்கியம் இருந்துவிடவில்லை. "அவரு போன தடத்துலயே நான் போறேன்," என்றாள். அவள் முன்னால் போய் நின்று மறித்தேன். மேலுலகத்தார் கப்பலை விட்டு இறங்கியது அன்றுதான் முதல்முறை. அவள் என் வெள்ளித்தாள் சட்டையைப் பிடித்து இழுத்ததில் அது கிழிந்தது. நான் விடவில்லை. புருஷனிடம் போகாதே என்று ஒரு பெண்ணை மறிக்க எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியாது. மறித்தேன்.

குழு வரும்வரை நான் ஒலிபெருக்கியில் முருகையாவோடு கதைத்தபடியே இருந்தேன். ஆள் தனியே நின்றால் கால் சோரும், சோர்ந்தால் குந்தியிருக்கத் தோன்றும். என்ன கதைத்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். உழவைப் பற்றி, மழையைப் பற்றி, ராசன் தேநீர் கேட்டு ஏச்சு வாங்கியதைப் பற்றி. நடுவில் அவர் தலையைத் திருப்பாமலே உரத்துக் கேட்டார்.

"கன்னுக்குட்டி எங்க?"

கன்றுக்குட்டி எப்போதோ தடிகளைத் தாண்டி வெளியே வந்து தாய்ப்பசுவின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். அவர் கன்றைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சனம் சிரித்தது. பாக்கியமும் அழுதபடியே சிரித்தாள்.

மிதிவெடிக் குழுவின் மேற்பார்வையாளர் ஒரு பெண். வந்தவுடன் ஒன்றும் விசாரிக்கவில்லை. முழந்தாளிட்டு, மண்ணைத் தடவித் தடவி, அவர் நின்ற இடத்துக்கு ஒரு ஒற்றையடிப் பாதை செய்துகொண்டு போனார். திரும்பி வரும்போது முருகையா அவர் பின்னால் அடிக்கு அடி கால் வைத்து வந்தார். தடிகளைக் கடந்ததும் அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றி, அவர் நின்ற இடத்துக்கு முன்னால் ஒன்று இருந்தது என்று மட்டும் சொன்னார். அண்ணை மத்தளத்துக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டு நின்றார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். எனக்கோ உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது, சும்மா சும்மா சிரிப்பு வந்தது.

அன்றைக்குக் கேள்வி நேரம் நடக்கவில்லை என்று நினைத்தேன். நடந்தது, கேள்வி கேட்டவள் பாக்கியம்.

"மேல நின்னு எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருந்தீங்க, அக்கா?"

"ஒரு வசனம் சொல்லி முடிக்கிற நேரம்," என்றேன்.

"அதே அதிகம்," என்றாள். பிறகு அண்ணை பக்கம் திரும்பினாள். "இறங்கலாமா, கூடாதான்னு ஊர் ஊரா கேக்கிறீங்களாமே. நீங்கதான் ஏற்கனவே இறங்கிட்டீங்களே. எங்க ஊருக்குள்ள உங்க தடிய நட்டீங்க. இனிமே எது உங்க தடி, எது நெசத் தடின்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதக் காட்டிட்டுப் போங்க."

அண்ணை எங்கள் தடிகளைப் பிடுங்கத் தொடங்கினார். அவர் படித்த கதைகளில் விண்கப்பல் நிலத்தைத் தொடாமல் நிற்கலாம். எங்கள் உழவு இயந்திரப் பெட்டிக்குச் சில்லு இருந்தது, சில்லு தடம் பதித்தது. தொடாமல் பார்ப்பது என்று ஒன்று இல்லை என்பதை விண்வெளி தெரியாத ஒருத்தி ஒரு கேள்வியில் முடித்துவிட்டாள். அன்றும் மறுநாளும் நாங்கள் அங்கேயே நின்றோம். வீட்டுக்கு வீடு போய், ஒவ்வொருவரையும் உண்மையான வரிசைக்குக் கூட்டிச்சென்று காட்டினோம். எங்கள் தடிகளைக் குழுவிடமே திருப்பிக் கொடுத்தோம். அதன்பிறகு மேடையில் தென்னோலைத் தோரணம்தான் கட்டினோம். பார்க்க அழகில்லை, பரவாயில்லை.

அதற்காக மேலுலகத்தார் பேசக்கூடாது என்ற சட்டத்தை அண்ணை நாடகத்திலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அது அப்போது பிடிக்கவில்லை. நீங்கள் போகிற ஊர்களில் எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கத் தோன்றும். யார் வேலியை அரக்கி அடுத்தவர் காணியைப் பிடித்தார்கள், யார் மகள் யாரோடு போனாள் என்பதுவரை உங்களிடம் வரும். நாடகம் முடிந்ததும் நீங்கள் வாகனத்தில் ஏறிவிடுவீர்கள், நீங்கள் சொன்ன தீர்ப்போடு அவர்கள் அங்கேயே வாழ வேண்டும். ஆகவே வாயை மூடிப் பழகுங்கள். ஆனால் முல்லைத்தீவுக் கடைக்காரரையும் மறக்கவேண்டாம். இரண்டையும் எப்படி ஒன்றாக வைத்திருப்பது என்று எனக்குப் பல வருடங்களாக விளங்கவில்லை. விளங்க வைத்தது முருகையா.

பிறகு போர் திரும்பி வந்தது. அந்த மாதங்களைப் பற்றி இங்கே நான் கதைக்கப் போவதில்லை. எங்களை மேலேயிருந்து, வானத்துச் செயற்கைக்கோள்களில், படம் பிடித்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டோம். மேலேயிருந்து ஒருவரும் கதைக்கவில்லை.

எல்லாம் முடிந்து, வவுனியாவில் முகாமில் இருந்தபோது, ஒருநாள் தண்ணீர் வரிசையில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல், "மேலுலகத்துத் தங்கச்சி."

திரும்பினால் முருகையா. பக்கத்தில் பாக்கியம், கையில் ஒரு வாளி. எலும்பும் தோலுமாக இருந்தார்கள், இருவருமே உயிரோடு இருந்தார்கள். நான் கேட்கும் முன்பே அவர் குனிந்து தன் இரண்டு முழங்காலையும் தட்டிக் காட்டினார். "ரெண்டும் இருக்கு," என்றார். அந்த முகாமில் நான் முதன்முதலாக வாய்விட்டு அழுதது அப்போதுதான். நிம்மதியில் வந்த அழுகை, வெட்கப்படவில்லை.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருடக்கணக்காக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு நான் சொன்ன உடன எப்பிடி நிண்டனீங்கள்? நீங்கள் ஒருத்தர் சொல்லும் கேக்கமாட்டீங்கள் எண்டு பாக்கியம் சொன்னவா."

"மேல நிக்கிறவங்க பேச மாட்டாங்கன்னு அண்ணை சொன்னாரே. ஒத்திகையிலயும் பாத்தேன், கீழ நின்ன யாரு கூடவும் நீங்க பேசவே இல்ல. வெள்ளித்தாளு சட்டையோட ஊருக்குள்ள நின்னீங்க, புள்ளைங்க கூப்பிட்டும் பேசல. அப்படிப்பட்டவங்க பேர் சொல்லிக் கூப்பிட்டா, அது நாடகம் இல்ல. என்னமோ இருக்குன்னு கால் தானா நின்னுருச்சு."

பாக்கியம் வாளியை மறு கைக்கு மாற்றினாள்.

"நாள் பூரா பேசுறவங்க சொல்லியிருந்தா இந்த மனுசன் காதுல வாங்கியிருப்பாரா?" என்றாள். "நான் சொல்லி என்னிக்காச்சும் நின்னுருக்காரா?"

வரிசை நகர்ந்தது. மூன்று பேரும் சேர்ந்து நகர்ந்தோம்.